காலியாக இருந்த புகார்ப் பெட்டி: பெங்களூரு சமுதாயக் கல்லூரி ஒன்றின் தண்ணீரும் கழிப்பறையும் குறித்த நிகழ்வு ஆய்வு

பிப்ரவரி 2024 முதல் மார்ச் 2025 வரை கிழக்கு பெங்களூருவில் ஒரு சிறிய சமுதாயக் கல்லூரியில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். அங்கே நான் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். கல்லூரியின் பெயரோ, ஆட்களின் பெயரோ இதில் வராது. எழுதியதைச் சம்பந்தப்பட்ட மாணவிகளிடம் படித்துக் காட்டினேன். அவர்கள் வேண்டாம் என்று சொன்ன இரண்டு விவரங்களை எடுத்துவிட்டேன்.

பின்னணி

சமுதாயக் கல்லூரி என்பது 1990களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் தொடங்கி, பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவிய ஏற்பாடு. பத்தாவதோடு நின்றவர்கள், பி.யு.சி. (பிளஸ் டூ) முடித்தும் மேலே போக முடியாதவர்கள், ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு வேலைக்குப் போகலாம். எங்கள் கல்லூரியை ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. நோயாளி பராமரிப்பு உதவியாளர், தையல், எலக்ட்ரீஷியன், அலுவலகக் கணினி என நான்கு பாடப்பிரிவுகள். பெரும்பாலும் கட்டணம் இல்லை.

அந்தச் சமயத்தில் 142 பேர் படித்தார்கள். அவர்களில் 96 பேர் பெண்கள். மர்பி டவுன், லிங்கராஜபுரம், ஈஜிபுரா, ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள்தான் அதிகம். உருதும் தெலுங்கும் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. பலர் காலையில் வீட்டு வேலையோ கடை வேலையோ முடித்துவிட்டு மதியம் வகுப்புக்கு வருவார்கள்.

கட்டிடம் பழையது, தரைத்தளமும் மேலே இரண்டு மாடிகளும். காலை ஒன்பது முதல் பன்னிரண்டரை வரை அதே கட்டிடத்தில் ஒரு நர்சரிப் பள்ளி நடக்கிறது. எங்கள் வகுப்புகள் மதியம் ஒன்றரை முதல் இரவு எட்டு வரை. பின்னால் வந்த சிக்கல்களில் பாதி, ஒரே கட்டிடத்தில் இரண்டு நேரக்கணக்கு ஓடியதிலிருந்து வந்தவை. ஆனால் அதை நாங்கள் வெகுநாள் கவனிக்கவில்லை.

அலுவலக வாசலில் ஒரு புகார்ப் பெட்டி இருந்தது. பக்கத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்த படிவம், அதில் பெயர், பிரிவு, பதிவு எண் எல்லாம் எழுத வேண்டும். இரண்டு வருடத்தில் ஏழு சீட்டுகள் வந்திருந்தன. மின்விசிறி பற்றி நான்கு, புரொஜெக்டர் பற்றி இரண்டு, பஸ் பாஸ் பற்றி ஒன்று. அறக்கட்டளைக் கூட்டத்துக்கு நான் எழுதிக் கொடுத்த அறிக்கையில் “வசதிகள் குறித்துப் பெரிய புகார் எதுவும் இல்லை” என்று இருக்கிறது. அதை நம்பித்தான் எழுதினேன்.

விஷயம் வெளியே வந்த விதம்

நோயாளி பராமரிப்புப் பிரிவுக்குப் பாடம் எடுப்பவர் அரசு மருத்துவமனையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர். எல்லாரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளி எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனார் என்று மணிக்கணக்கில் குறித்து வைக்கும் இன்டேக் அவுட்புட் சார்ட், இந்த வேலையின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும் என்று பழக்குவார்கள். பிப்ரவரி கடைசி வாரத்தில், ஒரு நாள் முழுக்கத் தங்களுக்கே அந்தச் சார்ட்டைப் போட்டுக்கொண்டு வரும்படி 31 பேருக்கும் சிஸ்டர் வீட்டுப்பாடம் கொடுத்தார். சிறுநீரை அளக்க வேண்டாம், எத்தனை முறை என்று குறித்தால் போதும் என்றார்.

மறுநாள் வந்த தாள்களில் பத்தொன்பதில், மதியம் ஒரு மணி முதல் இரவு எட்டரை வரை இருக்கும் கட்டங்கள் சைபராகவோ கோடு போட்டோ இருந்தன. ஒழுங்காக நிரப்பவில்லை என்றுதான் சிஸ்டர் முதலில் நினைத்தார். ஒரு பெண்ணை எழுப்பிக் கேட்டார்.

“ஏம்மா இதை எழுதாம விட்டுட்ட?”

“விடல சிஸ்டர். ஒண்ணும் குடிக்கல, அதான் சைபர்.”

“ஏழு மணி நேரமா?”

“குடிச்சா போகணும் சிஸ்டர். போக எடம் இல்ல.”

வகுப்பு முடிந்ததும் சிஸ்டர் அந்தத் தாள்களோடு நேராக என் மேசைக்கு வந்தார். இரண்டு பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்து மருந்து எடுத்துக்கொண்டிருப்பதும் அன்றுதான் தெரிந்தது. பெண்களுக்குச் சிறுநீர்க்குழாய் குட்டையாக இருப்பதால் தொற்று எளிதில் வரும், அதோடு தண்ணீரும் குடிக்காமல், வந்ததையும் அடக்கிவைத்தால் என்ன ஆகும் என்று அவர் எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

என்ன பார்த்தோம்

நான் அறையில் இருந்தால் மாணவிகள் பேச மாட்டார்கள் என்று சிஸ்டர் சொன்னார். அது சரி. அவரே மூன்று நாள் மாலையில் பத்துப் பத்துப் பேராக உட்காரவைத்துப் பேசினார். உருது, தெலுங்கு பேசுகிற மாணவிகளோடு அவரவர் மொழி தெரிந்த முன்னாள் மாணவிகள் பேசினார்கள். யாருடைய பெயரும் குறிக்கப்படவில்லை. நான் செய்தது, துப்புரவு வேலை செய்யும் அக்காவோடு கட்டிடத்தை மேலிருந்து கீழ்வரை சுற்றிப் பார்த்தது. அவர் ஆறு வருடமாக அங்கே வேலை செய்கிறார். அதுவரை நான் அவரோடு ஒருமுறை கூட அப்படிச் சுற்றிப் பார்த்ததில்லை.

இரண்டாம் மாடியில் மாணவிகளுக்கு மூன்று கழிப்பறைகள். ஒன்று பல மாதமாக அடைத்துக்கொண்டு பூட்டிக் கிடந்தது. மீதி இரண்டில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கல்விக் கட்டிடங்களில் மாணவிகள் 25 பேருக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்பது தேசியக் கட்டிட விதித்தொகுப்பின் கணக்கு. எங்களிடம் 96 பேருக்கு இரண்டு. தரைத்தளத்தில் ஆசிரியர்களுக்கென்று நல்ல நிலையில் ஒன்று இருந்தது, அதன் சாவி அலுவலகத்தில்.

தண்ணீர் விஷயம் இதைவிடச் சிக்கல். பகல் நேரப் பள்ளிகளுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 45 லிட்டர் என்று இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கிறது. 142 பேருக்கு அது 6,390 லிட்டர். எங்கள் மொட்டை மாடியில் இருந்தவை ஆயிரம் லிட்டர் தொட்டிகள் இரண்டு. காவலாளி தாத்தா காலை ஏழு மணிக்கு மோட்டார் போட்டு அவற்றை நிரப்புவார். அப்புறம் மறுநாள் காலைதான். நர்சரிப் பிள்ளைகள் போகும்போது தொட்டி பாதி. நான்கு மணிக்கு மேல் மாடிக் குழாயில் சொட்டு வராது. அந்த வருடம் கோடை முன்னாலேயே வந்துவிட்டது. நகரத்தில் உள்ள சுமார் 13,900 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாக மார்ச்சில் மாநில அரசே சொன்னது. எங்கள் போர்வெல்லும் பிப்ரவரியில் நின்றுபோனது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சம்ப்புக்கு, அதாவது தரைக்கடியில் உள்ள தொட்டிக்கு, வரும் காவேரித் தண்ணீர் மட்டும்தான் மிச்சம்.

எல்லாவற்றையும் வறட்சியின் மேல் போட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. அக்கா தன் பெங்களூருத் தமிழில் அதை மறுத்தார். “வெயில்காலம் மட்டும் இல்ல சார், மழைக்காலத்துலயும் சாயந்தரம் தண்ணி இருக்காது. மோட்டார் யார் போடறாங்க?” அவருடைய வேலை நேரமே காலை ஏழு முதல் பத்து வரைதான். நர்சரிக்காக வைத்த நேரம் அது. மதியம் ஒன்றரை மணிக்கு 142 பேர் வரும் கல்லூரிக்கு, கழிப்பறை கடைசியாகக் கழுவப்படுவது காலை பத்து மணிக்கு.

அடைப்புக்குக் காரணமும் அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே குப்பைக்கூடை இல்லாததால் நாப்கின்கள் குழாய்க்குள் போயிருந்தன. கூடை வேண்டும் என்று அவர் இரண்டு தடவை அலுவலகத்தில் கேட்டிருக்கிறார். யாரிடம் கேட்டார் என்று நான் விசாரிக்கப் போகவில்லை. அன்றைக்கு அலுவலகத்தில் நான் இருந்திருந்தாலும் அதே பதில்தான் கிடைத்திருக்கும்.

பையன்களுக்கு இரண்டாம் மாடியில் இரண்டு கழிப்பறைகள் இருந்தன. ஆனால் அவர்கள் பக்கத்துச் சந்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி அந்தத் தெருக்காரர்கள்தான் புகார் சொன்னார்கள்.

ஏன் யாரும் எழுதவில்லை என்பதற்குச் சிஸ்டர் கொண்டுவந்த பதில்கள் என்னை மிகவும் பாதித்தன. “ஓசியில படிக்கிறோம், இதையெல்லாம் கேட்டா நல்லா இருக்காது” என்பதைப் பல பேர் பல விதமாகச் சொல்லியிருந்தார்கள். பெயரும் பதிவு எண்ணும் போட்டு, மாதவிடாய் பற்றி, ஓர் ஆண் படிக்கப்போகும் சீட்டில் எப்படி எழுதுவது என்றார்கள் சிலர். மின்விசிறி பற்றி எழுதிய பெண்ணை, வகுப்பில் எல்லார் முன்னாலும் “இதை எழுதினது யாரு?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். திட்டவில்லை, சும்மாதான் கேட்டாராம். அதற்குப் பிறகு அந்தப் பிரிவிலிருந்து ஒரு சீட்டு கூட வரவில்லை.

எடுத்த முடிவுகள்

மார்ச் முதல் வாரத்தில், பணம் தேவைப்படாதவற்றை அன்றன்றே செய்தோம். ஆசிரியர் கழிப்பறையின் பூட்டை எடுத்தோம். இரண்டு ஆசிரியர்கள் வருத்தப்பட்டார்கள், ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. மூன்றரை மணிக்கு இன்னொரு முறை மோட்டார் போடுவது தாத்தாவின் வேலையில் சேர்ந்தது. ஊன்றுகோலோடு வரும் மாணவி ஒருவரின் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றினோம். அவர் ஆறு மாதமாக இரண்டாம் மாடி ஏறியிருக்கிறார்.

சம்ப்பிலேயே தண்ணீர் இல்லாத நாட்களுக்கு டேங்கர்தான் வழி. தனியார் டேங்கர்களுக்கு மாவட்ட நிர்வாகம் மார்ச் 2024ல் விலை வரம்பு வைத்தது. ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய். விலை கட்டுக்குள் வந்தாலும் சொன்ன நாளுக்கு வண்டி வருவது நிச்சயமில்லை. அதனால் இரண்டு பெரிய டிரம்களை மாடியில் நிரப்பியே வைத்திருந்தோம். குடிப்பதற்கு 20 லிட்டர் கேன்கள் வாங்கினோம்.

பெரிய விவாதம் மே மாதக் கூட்டத்தில் நடந்தது. தமிழ்த் தொழிலதிபர் ஒருவர் நான்கு புதிய கழிப்பறைகள் கட்ட நாலரை லட்ச ரூபாய் தர முன்வந்தார். அறக்கட்டளைச் செயலாளர் அதை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றார். சிஸ்டரும் நானும் இப்போது வேண்டாம் என்றோம். தண்ணீர் ஏறாத, மாலையில் கழுவ ஆளில்லாத இடத்தில் நான்கு புதிய கழிப்பறை கட்டினால், ஆறு மாதத்தில் அடைத்துக்கொள்ளும் கழிப்பறைகள் ஏழாகும். மாணவிகள் கேட்டவற்றை சிஸ்டர் வரிசைப்படுத்தி வைத்திருந்தார். முதலில் தாழ்ப்பாள், இரண்டாவது பல்ப், மூன்றாவது பையையும் துப்பட்டாவையும் மாட்ட ஒரு கொக்கி. ஈரத் தரையில் பையை வைக்க முடியாது, வெளியே வைத்தால் போன் போய்விடும். புதிய கட்டிடம் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

“மாசாமாசம் சம்பளம்னு கேட்டா எந்த நன்கொடையாளர் தருவார்?” என்று செயலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. கட்டிடத்துக்குப் பணம் கிடைக்கும், கூட்டிக் கழுவுகிறவரின் மாதச் சம்பளத்துக்குக் கிடைக்காது. பல நிறுவனங்களில் நல்ல கழிப்பறைகள் பாழாவதற்கு இதுதான் காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கூடத்தை வாடகைக்கு விடுகிறோம். அந்த வருமானத்தில் அக்காவின் மாலை வேலைக்கு மாதம் 4,500 ரூபாய் ஒதுக்குவது என்று முடிவானது. மூன்றரை முதல் ஐந்தரை வரை இரண்டு மணி நேரம். நன்கொடையாளரிடம் நிலைமையை விளக்கினோம். பழுது பார்ப்பதற்கு முதலில் 61,000 ரூபாய் தந்தார். அதில் அடைப்பு எடுத்துக் குழாய் மாற்றினோம். ஒரு முறைக்குப் பத்து லிட்டருக்கு மேல் கொட்டிய பழைய பிளஷ் தொட்டிகளுக்குப் பதிலாக 3 லிட்டர், 6 லிட்டர் என இரண்டு பட்டன் உள்ளவை வந்தன. நர்சரியின் தண்ணீரோடு கலக்காமல், மாடிக் கழிப்பறைகளுக்கு மட்டும் தனிக் குழாயோடு ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று வைத்தோம்.

நாப்கின் எரிக்கும் மின்கருவி ஒன்றை இலவசமாகத் தர இன்னொருவர் முன்வந்தார். புகையும் பராமரிப்பும் தொல்லை, அதைத் தினம் இயக்க வேண்டியவரும் அக்காதான் என்பதால் வேண்டாம் என்றோம். பெங்களூருவில் ஈரக் குப்பைக்குப் பச்சைக் கூடை, நாப்கின் போன்றவற்றுக்குச் சிவப்புக் கூடை, உலர் குப்பைக்குப் பை என்ற முறை ஏற்கெனவே இருந்தது. மூடி போட்ட சிவப்புக் கூடையும், சுற்றிப் போட பழைய செய்தித்தாளும் ஒவ்வொரு கழிப்பறையிலும் வைத்தோம். அக்காவுக்குக் கையுறையும் வாங்கினோம்.

ஒரு தவறான முடிவு

இதை விரிவாக எழுத வேண்டும். ஏப்ரல் மாதம், அக்காவின் மாலை வேலைக்குப் பணம் ஏற்பாடாகும் முன், மாணவிகளே முறை வைத்துக் கழிப்பறையைக் கழுவலாம் என்று ஓர் ஆசிரியர் சொன்னார். நம் இடத்தை நாம் சுத்தமாக வைத்துக்கொள்வதில் தவறில்லை என்று நானும் ஒப்புக்கொண்டேன். நாளுக்கு மூன்று பேர் என்று அட்டவணை ஒட்டினோம். பையன்களின் பெயர் அதில் இல்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

ஒன்பதாவது நாள், அட்டவணையில் பெயர் வந்த ஒரு பெண் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து சிஸ்டர் அவள் வீட்டுக்குப் போனார். அம்மா மாநகராட்சியில் தெருக்கூட்டும் வேலை செய்பவர். அந்தப் பெண் சிஸ்டரிடம் சொன்னது இது: “இந்த வேலை தன்னோட போகட்டும்னுதான் அம்மா என்னைப் படிக்க அனுப்புது. அங்கயும் இதையே செஞ்சா, அம்மாகிட்ட நான் என்ன சொல்லுவேன்?”

எல்லாருக்கும் ஒரே அட்டவணை என்பதால் அது சமம் என்று நினைத்திருந்தேன். யார் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைத் திணித்திருக்கிறார்கள் என்பதை யோசிக்கவில்லை. ஒரு சாதியின் மேல் சுமத்தப்பட்ட வேலையை, அதிலிருந்து வெளியே வர முயலும் பிள்ளையிடமே கல்லூரியும் கொடுத்தது. அன்றே அட்டவணையைக் கிழித்தோம். நான் அவள் வீட்டுக்குப் போய் அவளிடமும் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். அம்மா டீ போட்டுக் கொடுத்தார், அதிகம் பேசவில்லை. மூன்று வாரம் கழித்து அவள் திரும்பி வந்தாள். அதற்குள் அவளுடைய பிரிவின் மருத்துவமனைப் பயிற்சி தொடங்கிவிட்டிருந்தது. அடுத்த பேட்சோடுதான் அவளால் அதைச் செய்ய முடிந்தது. ஆறு மாதம் தாமதமாக வேலைக்குப் போனாள். ஆறு மாதச் சம்பளம் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிது என்பது எனக்குத் தெரியும்.

அக்காவின் சம்பள ஏற்பாட்டை மே மாதக் கூட்டத்தில் விட்டுக்கொடுக்காமல் பேசியதற்கு இதுவே முக்கியக் காரணம்.

புகார் சொல்லும் வழியை மாற்றியது

மாணவர் குறைதீர்ப்புக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு ஏப்ரல் 2023ல் புதிய விதிமுறைகளை வெளியிட்டது. மாணவர்களுக்குத் தர வேண்டிய வசதிகளைத் தராததும் அதன்படி குறைதான். குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும், குழுவில் பெண்ணும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லது இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவரும் இருக்க வேண்டும் என்கிறது. எங்களைப் போன்ற சிறிய இடத்துக்கு அதை அப்படியே போட முடியாது. பதினைந்து வேலை நாள் கெடுவையும் குழுவின் அமைப்பையும் எடுத்துக்கொண்டோம். சிஸ்டர் தலைவர். இரண்டு மாணவிகள், ஒரு மாணவர், ஓர் ஆசிரியர், கூடவே அக்கா. அக்கா குழுவில் எதற்கு என்று ஒருவர் கேட்டார். அவர் இல்லாமல் முதல் அடைப்பையே எங்களால் புரிந்துகொள்ள முடியவில்லை என்பதுதான் என் பதில்.

ஆங்கிலப் படிவம் போனது. வாயால் சொன்னால் போதும், குழுவில் ஒருவர் எழுதிக்கொள்வார், பெயர் எழுத மாட்டார். மாடிப்படி அருகே ஒரு கரும்பலகையில் தமிழிலும் கன்னடத்திலும் என்ன குறை, என்று வந்தது, யார் பார்க்கிறார், என்ன ஆனது என்று எழுதுகிறோம். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையும் அதிலேயே எழுத வேண்டும்.

பிறகு நடந்தது

ஜூன் முதல் நவம்பர் வரை ஆறு மாதத்தில் 41 குறைகள் வந்தன. இத்தனை புகார் வருகிறதே, ஏதோ கெட்டுவிட்டது என்று செயலாளர் பதறினார். பழைய ஏழு சீட்டுகளையும் சிஸ்டரின் பத்தொன்பது தாள்களையும் அவர் முன்னால் வைத்தேன். படித்துப் பார்த்தார். அடுத்த கூட்டத்தில் கரும்பலகையைப் பற்றி அவரே அறங்காவலர்களுக்கு விளக்கினார்.

41ல் 29 கெடுவுக்குள் தீர்ந்தன. எட்டு தாமதமாகத் தீர்ந்தன. நான்கு இன்னும் பலகையில் இருக்கின்றன. இரவு எட்டு மணிக்கு மேல் பஸ் நிறுத்தம் வரை தெருவிளக்கு இல்லை என்பது அவற்றில் ஒன்று. மாநகராட்சிக்கு மூன்று மனு கொடுத்திருக்கிறோம். அதுவரை பஸ் நிறுத்தம் வரை தாத்தா டார்ச்சோடு கூடப் போகிறார்.

நன்கொடையாளரின் மீதிப் பணத்தில் ஒரே ஒரு புதிய கழிப்பறை டிசம்பரில் தரைத்தளத்தில் கட்டினோம். அகலக் கதவு, கைப்பிடிக் கம்பி, படி இல்லாத வாசல். ஊன்றுகோலோடு வரும் மாணவி அளவு பார்த்துச் சொன்ன பிறகுதான் கொத்தனார் கம்பியைப் பதித்தார்.

சார்ட் பாடத்தை சிஸ்டர் ஒவ்வொரு புதிய பேட்சுக்கும் தொடர்கிறார். செப்டம்பரில் 28 பேரில் ஏழு பேர் மதியத்துக்கு மேல் ஒன்றும் குடிக்கவில்லை. பிப்ரவரி 2025ல் 30 பேரில் நான்கு பேர். அந்த நால்வரில் மூன்று பேருக்குக் காரணம் கல்லூரி இல்லை. காலையில் அவர்கள் வேலை செய்யும் வீடுகளில் கழிப்பறையைத் தொட விடுவதில்லை, குடிக்காமல் இருப்பதே பழக்கமாகிவிட்டது. எங்கள் குழுவால் அங்கே எதுவும் செய்ய முடியவில்லை. வருகைப் பதிவில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. வேலை, வீடு, பஸ் என்று அதற்குக் காரணங்கள் வேறு.

மறுபடி செய்தால்

இந்த வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தால், கழிப்பறை கழுவும் அட்டவணையை ஒட்டவே மாட்டேன். ஏப்ரலில் கூட வாடகைப் பணம் கையில் இருந்தது. கேட்கத் தயங்கியதால் ஒரு மாதம் போனது, அந்த ஒரு மாதத்துக்கான விலையை அந்தப் பெண் கொடுத்தாள். துப்புரவுப் பணியாளரோடு கட்டிடத்தைச் சுற்றுவதை வருடத்துக்கு இரண்டு முறையாவது செய்வேன், யாரும் ஒன்றும் சொல்லாத வருடத்திலும். பையன்களோடு நாங்கள் சரியாகப் பேசவே இல்லை. எலக்ட்ரீஷியன் பிரிவுப் பையன்கள் சிலர் இன்னும் அந்தச் சந்துக்குத்தான் போகிறார்கள். அது அடுத்த ஆறு மாதத்துக்கான வேலை.

ஜூனில் வரும் புதிய பேட்சுக்குச் சேர்க்கை நாளன்று, வகுப்பறைக்குக் கூட்டிப் போகும் முன் கழிப்பறை எங்கே, சிவப்புக் கூடை எதற்கு, தண்ணீர் வராவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று காட்டிவிட வேண்டும் எனக் குழு முடிவு செய்திருக்கிறது. அதை அக்கா செய்கிறார். அந்த அரை நாளுக்கும் அவருக்குச் சம்பளம் உண்டு.